கைப்பிடி சுற்றுகிறது, யன்னல் அசையவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

கைப்பிடியைச் சுற்றித் திறக்கும் யன்னல் பழுதானால் முழு யன்னலையும் மாற்றும்படியே ரொறன்ரோவில் பலருக்கும் சொல்லப்படுகிறது. கண்ணாடியும் சட்டமும் நல்ல நிலையில் இருந்தால் அது வீண் செலவு.

முதலில் கைப்பிடியைக் கழற்றிவிட்டு அது ஏறியிருந்த அச்சைக் குறட்டால் திருகிப் பாருங்கள். யன்னல் அசைந்தால், தேய்ந்தது கைப்பிடியின் உட்பற்கள்தான். புதுக் கைப்பிடி போதும். ஆனால் அச்சு 5/16, 11/32, 3/8 அங்குலம் எனப் பல அளவுகளில் வரும். தளர்வாக ஏறுவதைப் பூட்டினால் அச்சின் பற்களும் போய்விடும்.

அச்சு சுற்றியும் யன்னல் கதவு, அதாவது திறந்து மூடும் பகுதி, அசையாவிட்டால் அந்தக் கதவைத் தள்ளும் உலோகக் கையை இயக்கும் பற்சக்கரப் பெட்டியை மாற்ற வேண்டும். கதவின் அடியிலுள்ள தவாளிப்பில் ஒரு வெட்டு இருக்கும். பெரும்பாலான வகைகளில் கையின் குமிழ் அந்த இடத்தில் கழன்றுவரும். மேல்மாடியில் இன்னொருவர் கதவைப் பிடித்திருக்காமல் இதைச் செய்யவே வேண்டாம், காற்று அடித்துத் திறந்துவிடும். பழைய பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோங்கள். அதில் பொறித்திருப்பது யன்னல் செய்தவரின் பெயராக இல்லாமல் உதிரிப்பாகம் செய்தவரின் பெயராக இருக்கலாம். அந்தப் பெயரும் இலக்கமும்தான் தேவை. இலக்கம் அழிந்திருந்தால் திருகாணித் துளைகளின் இடைவெளியையும், சுழலும் முனையின் நடுவிலிருந்து குமிழின் நடுவரை கையின் நீளத்தையும் அளந்து, ஒற்றைக் கையா இரட்டைக் கையா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். அதிகம் பிழைப்பது இடம், வலம். சில கடைகள் உள்ளிருந்து பார்க்கும், சில வெளியிலிருந்து. "உள்ளே நின்று பார்த்தால் பிணைச்சல் இடப்பக்கம்" என்று முழுதாகச் சொல்லுங்கள்.

புதியதைப் பூட்டுமுன் கதவைக் கையால் தள்ளிப் பாருங்கள். இலேசாக ஓடாவிட்டால் புதிய பற்களும் விரைவில் உடையும். தவாளிப்பில் மண், தொய்ந்த பிணைச்சல், பூட்டை விடுவிக்காமல் சுற்றுவது, பனி உறைந்த கதவை வலிந்து திறப்பது, இவைதான் பற்களைத் தின்கின்றன. தவாளிப்பைத் துடைத்து உலர் சிலிக்கன் தெளியுங்கள். எண்ணெய் தூசியைச் சேர்க்கும். வினைல் சட்டத்தில் திருகாணியைக் கையாலேயே இறுக்குங்கள். பழையதைவிட நீளமான ஆணி வேண்டாம்.

பிணைச்சலையும் மாற்றுவதானால், தயவுசெய்து ஒன்றைக் கவனியுங்கள். கண்ணாடியின் வெளிப்புறத்தை உள்ளிருந்தே துடைக்க உதவும் வகை, திறந்த கதவைச் சட்டத்தின் நடுப்பக்கம் நகர்த்தி வழியைக் குறுக்கும். நிலக்கீழ்ப் படுக்கையறையில் அந்த யன்னல்தான் தீயிலிருந்து தப்பும் வழியாக இருக்கலாம். ஒன்ராறியோ கட்டடச் சட்டம் அத்தகைய யன்னலுக்குக் கேட்பது தடையற்ற 0.35 சதுர மீற்றர் திறப்பு, எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையாமல். பிணைச்சலைப் பூட்டியதும் கதவை முழுதாகத் திறந்து அளந்து பாருங்கள்.

இப்படிக்கு,
யன்னல் பழுதுபார்ப்போர், ஸ்காபரோ