சேர்க்கைப் பதிவேட்டைக் காப்பாற்றுங்கள்: சிவகங்கை மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடிப் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருக்கிறேன். கட்டடம், கழிப்பறை பற்றி எங்கள் கூட்டங்களில் நிறையப் பேசுகிறோம். எந்தப் பிள்ளை எப்போது சேர்ந்தது, எப்போது விலகியது என்று எழுதிவைத்து, அலுவலக அறை பீரோவில் கிடக்கும் சேர்க்கை நீக்கல் பதிவேட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

முன்பு டி.சி. எழுதும் நாளில்தான் அந்த ஏட்டைத் தேடுவார்கள். இன்று ஒரு பிள்ளையின் உரிமையே அதில்தான் இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ரூ.1,000 தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024-இலும் வந்தன. அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 விழுக்காடு ஒதுக்கீடு 2010-ஆம் ஆண்டுச் சட்டம். பின்னர் ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் இருபது வருஷம் முன்பு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததற்கு எமிஸ் என்னும் கல்வித் துறையின் கணினிப் பதிவில் ஆதாரம் கிடைக்காது. பழைய ஏடுதான் சாட்சி.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி அந்த ஒதுக்கீட்டில் வேலைக்கு விண்ணப்பிக்க, தான் படித்த பள்ளிகளுக்குச் சான்று கேட்டுப் போனாள். ஒரு பள்ளியில் அவள் சேர்ந்த வருஷத்து ஏடு இல்லை. மழைக்கு ஒழுகி நனைந்திருக்கலாம், கரையான் அரித்திருக்கலாம், யாருக்கும் தெரியவில்லை. ஏடு இல்லாமல் எதை வைத்துக் கையெழுத்துப் போடுவது என்று தலைமை ஆசிரியர் கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மாறுதலில் வந்தவர், பொறுப்பு ஒப்படைத்தவர் எந்த ஏடு எங்கே இருக்கிறது என்று ஒரு பட்டியல்கூடக் கொடுக்கவில்லை. இளநிலை உதவியாளர் இடம் காலி. ரொக்கப் பதிவேட்டை அறிவியல் ஆசிரியை எழுதிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவர் வகுப்பில் இருந்திருக்க வேண்டும். பதிவேடும் போய், பாடமும் போகிறதே என்பதுதான் என் ஆற்றாமை.

கணக்கு எழுதுவதில் பேர் போன ஊர்கள் இவை. இங்குள்ள நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் நடத்திய வட்டிக்கடைகளின் வரவு செலவைப் பேரேட்டில் எழுதி வைத்தார்கள். கல்யாணமானால் அவர்களின் ஒன்பது நகரக் கோயில்களுள் தங்கள் கோயிலில் புள்ளியாக, அதாவது ஒரு குடும்பமாக, பதிந்துகொள்ளும் வழக்கம் இன்றும் உண்டு. கோட்டையூரில் ரோஜா முத்தையா தனி ஆளாகச் சேர்த்த புத்தகங்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும்தான் 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. கல்யாண அழைப்பிதழைக்கூட அவர் எறியவில்லை. தனி மனிதர் ஒருவரால் இங்கே முடிந்தது, ஒரு துறையால் முடியாதா?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, ஆவணங்களை வகைப்படுத்தி அட்டவணையிட்டு வைப்பதைப் பொது அமைப்புகளின் கடமை என்கிறது. ஆகவே புதிதாக எதையும் நான் கேட்கவில்லை. மாவட்டத்து அரசுப் பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளை முழுவதும் ஸ்கேன் செய்யுங்கள். வருஷமும் சேர்க்கை எண்ணும் சொன்னால் பக்கம் கிடைக்கும்படி அட்டவணை போட்டு, ஒரு பிரதி உங்கள் அலுவலகத்தில் இருக்கட்டும். தலைமை ஆசிரியர் மாறும்போது ஏடுகளின் பட்டியலில் இருவரும் கையெழுத்திட்டால்தான் விடுவிப்பு என்று உத்தரவிடுங்கள். பிறந்த தேதியையோ சாதியையோ ஏட்டில் திருத்தினால் தேதியும் சுருக்கொப்பமும் கட்டாயம் இருக்கட்டும். தாளை ஒட்டி மறைத்த திருத்தங்களை நானே பார்த்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால், காலியாக உள்ள இளநிலை உதவியாளர் இடங்களை நிரப்பச் சென்னைக்கு எழுதுங்கள். அதுவரை அருகருகே உள்ள பள்ளிகளுக்கு ஒரு எழுத்தரையாவது வாரத்தில் சில நாள் அனுப்புங்கள்.

ஏடு தொலைந்த பள்ளிகளில் படித்தவர்களுக்கு, பழைய மதிப்பெண் பட்டியல், வருகைப் பதிவேடு, உடன் படித்தவர்களின் டி.சி. ஆகியவற்றை வைத்து விசாரித்துச் சான்று தரும் வழியை எழுத்தில் அறிவியுங்கள். தேர்வாணையம் அதை ஏற்குமா என்பதையும் கேட்டுச் சொல்லுங்கள். எங்கள் தெருப் பெண்ணுக்கு விண்ணப்பத் தேதி நெருங்குகிறது.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர்,
காரைக்குடி வட்டம்