கூட்டு மருந்துக்கு ஒரு மாலை நேரம்

ஆசிரியருக்கு,

நாமக்கல் மாவட்டத்தில் எச்.ஐ.வி. உள்ளவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் களப்பணியாளர் நான். எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்தை நானும் சாப்பிடுபவள்தான். 2004-ல் அரசு இதை இலவசமாகத் தரத் தொடங்கியது. இப்போது பலருக்கு தினம் ஒரே மாத்திரை போதும். மருந்துக்குக் குறையில்லை, வாங்கப் போவதுதான் பெரும்பாடு. பகலில் போனால் விசைத்தறிக்காரருக்கும் லாரி கிளீனருக்கும் அன்றைய கூலி போச்சு, "அடிக்கடி எங்கே போறே?" என்று முதலாளி வேறு துருவுவார்.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, மாத்திரை டப்பா குலுங்கும் சத்தம் மாமியார் காதில் விழக் கூடாதென்று உள்ளே பஞ்சு அடைத்து, லேபிளையும் கிழித்துவிட்டு, அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறார். எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். "அது எங்க வீட்டுக்குள்ள வருமா?" என்று சிரித்தார்.

வாரத்தில் ஒரு நாளாவது, இந்த மருந்தைத் தரும் ஏ.ஆர்.டி. மையம் மாலை ஏழு மணி வரை திறந்திருக்கட்டும். உடல்நிலை சீராக இருப்பவர்களுக்கு மூன்று மாத மருந்தை மொத்தமாகக் கொடுக்கலாம். கொரோனா காலத்தில் கொடுத்தார்களே! அப்புறம், களப்பணியாளர்களான எங்கள் பஸ் செலவையும் காலத்தோடு கொடுத்தால் நல்லது.

களப்பணியாளர்,
ராசிபுரம் வட்டம்