புகை இல்லையென்றால் பயமும் இல்லையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஹான்ஸ், கூல் லிப், குட்கா என்று வாயில் ஒதுக்கும் புகையிலைப் பொட்டலங்கள் பறிமுதல் என்ற செய்தி உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி வருகிறது. எத்தனை கிலோ, எத்தனை பேர் கைது, வண்டி எங்கே பிடிபட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தப் பொட்டலத்தை வாயில் ஒதுக்கிக்கொள்பவருக்கு என்ன ஆகும் என்று ஒரு வரிகூட இருப்பதில்லை. நான் திருமங்கலம் பக்கம் மருந்துக்கடை நடத்துகிறேன். சிகரெட்டை விட நினைப்பவர்களில் பலர் டாக்டரிடம் போவதற்கு முன்பே எங்களிடம் பேச்சுக் கொடுப்பார்கள். அவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள், எதற்குப் பயப்படுவதே இல்லை என்று கேட்கக் கேட்க மனசு பதறுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

"அண்ணே, தம்மு அடிக்கிறதை அடியோட விட்டுட்டேன். இப்போ கூல் லிப் மட்டும்தான்" என்று சந்தோஷமாகச் சொல்கிற பையன்கள் நிறைய. இருமல் நின்றுவிட்டது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை, சட்டையில் நாற்றம் இல்லை, வீட்டில் சண்டை இல்லை. ஆகவே ஆபத்தும் போய்விட்டது என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். உடம்பு உடனே காட்டுகிற அறிகுறியை வைத்துத்தான் எல்லாரும் கெடுதலை அளக்கிறோம். வாய்க்குள் மெதுவாக நடப்பது அந்த அளவுகோலில் சிக்காது.

புகையிலை புற்றுநோயை உண்டாக்க அதைக் கொளுத்த வேண்டும் என்பதில்லை. இலையைப் பதப்படுத்தும்போதும் சேமித்து வைக்கும்போதுமே நைட்ரோசமைன் என்ற நச்சுகள் அதில் உருவாகின்றன. புகையில்லாப் புகையிலையில் புற்றுநோயைத் தூண்டும் பொருள்கள் குறைந்தது 28 இருப்பதாகச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை கணக்கிட்டிருக்கிறது. இந்திய ஆண்களிடம் மிக அதிகமாக வருகிற புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். 2016-17-இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில், ஆண், பெண் இருபாலரையும் சேர்த்து வயது வந்தவர்களில் புகைப்பவர்கள் 10.7 சதவீதம், வாயில் போடுபவர்கள் 21.4 சதவீதம் என்று தெரியவந்ததையும் சேர்த்துப் பார்த்தால் காரணம் விளங்கும். இதயமும் தப்புவதில்லை. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், புகையிலை மெல்லுபவர்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் என்று 2006-இல் வெளியிட்டார்கள்.

கொஞ்சம் படித்த பையன்கள் ஸ்வீடனை இழுப்பார்கள். "அங்கேயும் உதட்டுக்குள்ளதான் வைக்கிறாங்க, அவங்களுக்கு நுரையீரல் கேன்சர் குறைவாமே?" அது உண்மைதான். ஆனால் அவர்கள் வைக்கும் ஸ்னுஸ் என்ற புகையிலை, வெப்பத்தால் பதப்படுத்தப்பட்டு, நைட்ரோசமைன் அளவு கண்காணிக்கப்படும் சரக்கு. அதிலும் கெடுதல் இல்லாமல் இல்லை. நம் ஊரில் 2013 முதல் தடையில் இருந்துகொண்டு பெட்டிக்கடைப் பலகைக்கு அடியில் விற்கப்படும் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று அப்படி யாரும் கண்காணிப்பதில்லை. ஸ்வீடன் கணக்கை இங்கே கொண்டுவந்து ஒட்டவே முடியாது. 2024-இல் கூல் லிப்பை ஏன் நாடு முழுவதும் தடை செய்யக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே கேட்டது, பள்ளிப் பிள்ளைகள் வரை அது போய்விட்டதால்தான்.

பெரியவர்களிடம் வேறு மாதிரி நம்பிக்கைகள். பீடி இலையில் சுற்றியது, அதனால் சூடு குறைவு என்பார்கள். பீடி அடிக்கடி அணையும் என்பதால் இழுத்து இழுத்துக் குடிக்க வேண்டியிருக்கிறது. நிக்கோட்டினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டைவிட அதிகமாகவே உள்ளே போகின்றன. 'லைட்ஸ்' என்று விற்கும் சிகரெட்டை வாங்குபவர், புகையோடு காற்றைக் கலப்பதற்காக ஃபில்டரில் இருக்கும் நுண்துளைகளைத் தெரியாமலே விரலாலும் உதட்டாலும் மூடிவிட்டு, ஆழமாக இழுத்துவிடுகிறார். மூலிகை சிகரெட்டும் எரிந்தால் தார்தான். சரி, சிகரெட்டை ஒன்றிரண்டாகக் குறைத்து மீதிக்கு ஹான்ஸ் போடுகிறவர்? தினமும் ஒரு சிகரெட் பிடிப்பவருக்குக்கூட, இருபது பிடிப்பவருக்கு இருக்கும் கூடுதல் இதயநோய் அபாயத்தில் கிட்டத்தட்ட பாதி இருக்கிறது. இவர் இரண்டு பக்கமும் அடி வாங்குகிறார்.

இதையெல்லாம்விட என்னை அதிகம் வருத்துவது, சிகரெட்டை நிறுத்த உதவும் நிக்கோட்டின் சூயிங்கம் பற்றிய பயம். "அதுல நிக்கோட்டின் இருக்காமே, கேன்சர் வந்துடாதா?" என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போகிறார்கள். போகிற வழியில் ஒரு சிகரெட். நிக்கோட்டின் நம்மை அடிமையாக்கும், அதில் சந்தேகமே இல்லை. புற்றுநோயை உண்டாக்குவது பெரும்பாலும் அதனுடன் சேர்ந்து வரும் புகையும் மற்ற நச்சுகளும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2009-இலேயே இந்தச் சூயிங்கம் போன்ற நிக்கோட்டின் மாற்று மருந்துகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. 2 மில்லிகிராம் கம்மை டாக்டர் சீட்டு இல்லாமலே வாங்கலாம். (கர்ப்பிணிகளும், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்களும் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.)

வாங்கிப் போகிறவர்களும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். சாதாரண சூயிங்கம் மாதிரி விடாமல் மென்றால் விக்கல் வரும், குமட்டும், தொண்டை எரியும். "சிகரெட்டே பரவாயில்லண்ணே" என்று திரும்பி வருவார்கள். காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கினால் மறுபடி மெல்ல வேண்டும். காபி குடித்த கையோடு போடக் கூடாது, கால் மணி நேரம் விட வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் ஓரளவு தாக்குப்பிடிக்கிறார்கள்.

வேப் என்கிற இ-சிகரெட் பற்றியும் ஒரு வார்த்தை. 2019 முதல் நம் நாட்டில் அதை விற்பது குற்றம். இங்கிலாந்தில் சிகரெட்டை நிறுத்த அரசே வேப் கொடுக்கிறது என்று இளைஞர்கள் இணையத்தில் படித்துவிட்டு வருகிறார்கள். எதுவும் எரியாததால் சிகரெட்டைவிட அதில் நச்சு குறைவு என்பதை மறைத்தால் நம்மை நம்ப மாட்டார்கள். ஆனால் இங்கே ரகசியமாகக் கைமாறும் கருவிக்குள் என்ன திரவம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஆளில்லை என்பதையும், புகைக்காத பிள்ளை அதைத் தொட்டால் அடிமையாவதுதான் மிச்சம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எல்லாமே ஒரே அளவு விஷம் என்று அடித்துச் சொன்னால், "அப்புறம் எதுக்கு மாறணும், சிகரெட்டே இருக்கட்டும்" என்றுதான் கேட்பவர் நினைப்பார். நான் அதைக் காதால் கேட்டிருக்கிறேன்.

எனவே என் வேண்டுகோள் இதுதான். பறிமுதல் செய்தி போடும்போது, அந்தப் பொருள் உடம்பில் என்ன செய்யும் என்று இரண்டு வரி சேருங்கள். உங்கள் மருத்துவப் பகுதியில் ஒரு வாரம் நிக்கோட்டின் கம்மை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு டாக்டரை எழுதச் சொல்லுங்கள். புகையிலைப் பழக்கத்தைக் கைவிட உதவும் தேசியக் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-11-2356 சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. ஒத்தை சிகரெட் வாங்குபவர் அந்தப் பாக்கெட்டைப் பார்ப்பதே இல்லை. உங்கள் நாளிதழை டீக்கடையில் அவர் பார்க்கிறார்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக்கடைக்காரர்,
திருமங்கலம்.