பவள விழாவுக்கு வந்த வண்டி

மதிப்பிற்குரிய நூலக அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் பவள விழா நன்றாகவே நடந்தது. பந்தல், பொன்னாடை, கேசரி, ஒன்றுக்கும் குறையில்லை. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது 1948இல் கொண்டுவந்து, 1950 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நம் நூலகச் சட்டம்தான் சுதந்திர இந்தியாவிலேயே முதலாவது என்று மேடையில் மூன்று பேர் சொன்னார்கள். மூன்று தடவையும் கை தட்டினேன். பெருமைதான், யார் இல்லை என்றது?

ஆனால் பந்தலுக்குப் பின்னால் ஒரு வண்டி நின்றதே, சிறப்பு விருந்தினர்களுக்காக வாடகைக்கு வந்த நடமாடும் கழிப்பறை, அதைப் பார்த்த பிறகுதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு அது வந்த வழியே போய்விட்டது.

எங்கள் நூலகத்தில் கழிப்பறையே இல்லை, ஒன்று கட்டித் தரச் சொல்லி எத்தனை மனு கொடுத்திருக்கிறோம் என்று உங்களுக்கே தெரியும். அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பெண்கள் பதினைந்து பேர் கதவு திறக்கும்போதே வந்து இடம்பிடிப்போம். தண்ணீர் பாட்டில் எல்லோரிடமும் இருக்கும், சாயங்காலம் அது அப்படியே ததும்பத் ததும்ப வீட்டுக்குத் திரும்பும். குடித்தால் பஸ் ஸ்டாண்ட் கட்டணக் கழிப்பறைக்கு நடக்க வேண்டும், போய்வர அரை மணி நேரம், அதற்குள் நாற்காலி போயிருக்கும். மாதத்தில் அந்த மூன்று நாள் நாங்கள் யாரும் வருவதே இல்லை. எங்கள் நூலகர் அக்காவுக்கும் அதே பஸ் ஸ்டாண்ட்தான், பாவம், அவர் திரும்பி வரும்வரை புத்தகம் எடுக்க வந்தவர்கள் நிற்க வேண்டியதுதான்.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் நூலகத்துக்கு ஐந்து விதி எழுதினார். மேடையில் அவர் படத்துக்கு மாலை போட்டீர்கள். நான்காவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. ஐயா, ஒரு நாளைக்கு இரண்டு தடவை போனால் எங்களுக்கு ஒரு மணி நேரம் பஸ் ஸ்டாண்ட் சாலையிலேயே போகிறது, இது எந்த விதியில் வரும்?

சென்னை கோட்டூர்புரத்தில் ஒன்பது தள நூலகம், மதுரையில் 2023இல் இன்னொரு பெரிய நூலகம், எல்லாம் சந்தோஷம். எங்களுக்கு லிஃப்ட் வேண்டாம், ஏசி வேண்டாம், ஒரு கழிப்பறை போதும். அப்பா கட்டும் வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி என்று சேர்த்துத்தான் வாங்குகிறார்கள், எங்கள் தெரு மொத்தமும் கட்டுகிறது. அதிலிருந்து ஒரு தாழ்ப்பாளுக்குக்கூடவா காசு வராது? அடுத்து நூற்றாண்டு விழாவுக்கும் அதே வண்டியைத்தான் கூப்பிடுவீர்களோ என்னவோ, அப்போது எனக்கு ஐம்பது வயது ஆகியிருக்கும்.

சரி, மன்னிக்கவும், கோபத்தில் வார்த்தை நீண்டுவிட்டது. பணிவாகவே கேட்கிறேன். தண்ணீர் வரும், உள்ளே தாழ்ப்பாள் போடும் ஒரு கழிப்பறையை அடுத்த தேர்வு அறிவிப்பு வருவதற்குள் கட்டித் தாருங்கள். இடம் இல்லை என்று போன மனுவுக்குப் பதில் வந்தது. அந்த வண்டி நின்ற இடத்தை நேற்று நாங்களே டேப் வைத்து அளந்தோம், பன்னிரண்டுக்கு ஏழு அடி இருக்கிறது.

இப்படிக்கு,
மூன்றாவது மேசை ஜன்னலோரம் உட்காரும் வாசகி