காப்பியைக் கவரில் கட்டிக் கொடுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காப்பித்தூள் விலை ஏறியதிலிருந்து, வீட்டில் போட்டுக் குடிப்பது லாபமா, கடையில் வாங்கிக் குடிப்பது லாபமா என்ற பேச்சு எங்கள் தெருத் திண்ணைகளில் நடக்கிறது. இந்த வருஷம் இரண்டையும் நோட்டில் கணக்கு எழுதிப் பார்த்தவன் நான். அதனால் எழுதுகிறேன். விலையைவிட என்னை உறுத்துகிற விஷயம் ஒன்றும் இதில் இருக்கிறது.

நான் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் 31 வருஷம் நடத்துநராக வேலை பார்த்தவன். பெரும்பாலும் திருநெல்வேலி - பாபநாசம் தடம்தான். பேட்டை, பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன்! கொஞ்ச காலம் மாஞ்சோலை, ஊத்து பஸ்ஸிலும் போயிருக்கிறேன். வீட்டில் விடியற்காலை ஒரு காப்பி குடித்தால் மிச்சம் எல்லாம் வெளியில்தான். பஸ் ஸ்டாண்டு பாய்லர் கடையில் ஒன்று, பாபநாசத்தில் இறங்கினதும் ஒன்று. மாஞ்சோலைக்கு மேலே ஏறி, குளிரில் கை விறைத்து நிற்கும்போது கண்ணாடி டம்ளரைக் கையில் வாங்குகிற சுகம் இருக்கிறதே, அதை நான் மறக்கவில்லை. கடைக் காப்பியைப் பொதுவாகக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அதைக் குடித்துத்தான் வேலை பார்த்தேன்.

முதல் ஷிப்டு நாட்களில் என் மனைவி மூன்று மணிக்கே எழுந்து டிகாஷன் இறக்கி வைத்துவிடுவாள். மழை, காய்ச்சல் எதற்கும் அது நின்றதில்லை. அது எப்படி இறங்குகிறது, எவ்வளவு நேரம் ஆகிறது என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

போன ஆனி மாதம் புறவாசலில் துணி துவைக்கிற கல் பக்கம் பாசி வழுக்கி விழுந்து, அவளுக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கோயம்புத்தூரிலிருந்து மகள் வந்து பத்து நாள் பார்த்துக்கொண்டாள். அப்புறம் சோறு, குழம்பு எல்லாம் பக்கத்துத் தெருவில் இருக்கிற தம்பி வீட்டிலிருந்து வந்துவிட்டது. காப்பிக்கு மட்டும் வழியில்லை. காலையும் சாயந்திரமும் ஆளுக்கு ஒன்று, ஆக நாலு காப்பி, கடையிலிருந்து பார்சல் வாங்கினேன்.

அந்தப் பார்சலைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். மெல்லிய பிளாஸ்டிக் கவர். கொதிக்கக் கொதிக்கக் காப்பியை அதில் ஊற்றி, வாயை முறுக்கி நூலால் ஒரு கட்டு. கூடவே இரண்டு பேப்பர் கப். கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தால் கவர் சூட்டில் தொளதொளவென்று ஆகியிருக்கும். ஒரு நாள் முடிச்சை அவிழ்க்கும்போது நழுவி என் காலில் கொட்டிக் கொப்புளம் போட்டது. நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, மனைவி ஒரு வாய் குடித்துவிட்டுக் கப்பைக் கீழே வைத்தாள். "ஏங்க, இதுல கவர் வாடை அடிக்கு. எனக்கு வேண்டாம்" என்றாள். அதுவரை எனக்கு அந்த வாடை தெரியவில்லை. அவள் சொன்ன பிறகு வேறு எதுவும் தெரியவில்லை.

எங்கள் ஊர் தறி ஊர். சின்ன வயதில் தறிக்குழியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்குக் காப்பி வாங்கி வர எங்களைத்தான் அனுப்புவார்கள். கையில் பித்தளைத் தூக்குவாளி இருக்கும். கடைக்காரர் அதில் ஊற்றி மூடி போட்டுத் தருவார். வரும் வழியில் ஒரு சொட்டு சிந்தினாலும் திட்டு விழும். அதுவும் வெளியில் வாங்கிய காப்பிதானே? அன்றைக்கு வாங்கியதற்கும் இன்றைக்கு வாங்குவதற்கும் நடுவில் மாறிப்போனது பாத்திரம்தான். தூக்குவாளி வீட்டில்தான் இருக்கிறது. பரணில் ஏற்றி வைத்துவிட்டோம், அவ்வளவுதான்.

மூன்று வாரம் ஆனதும் நானே காப்பி போடுவது என்று முடிவு பண்ணினேன். முதல் நாள் டிகாஷன் இறங்கவே இல்லை. பில்டரின் மேல் பாத்திரத்தில் தூளைப் போட்டு, குடையை (தூளின் மேல் வைக்கிற, காம்பு உள்ள துளைத் தட்டு) வைத்துப் பலமாக அமுக்கிவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் கீழே அரை அங்குலம்கூட இல்லை. மனைவி நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொல்லிக் கொடுத்தாள். தூளைத் தட்டிச் சமப்படுத்தினால் போதும், அமுக்கவே வேண்டாம். குடை அதன் மேல் சும்மா உட்கார்ந்தால் போதும். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து, அரை நிமிஷம் விட்டு, தூள் நனைகிற அளவுக்கு மட்டும் முதலில் சுற்றி ஊற்ற வேண்டும். தூள் ஊறி உப்பிக்கொண்டு வரும். அப்புறம் மிச்சத் தண்ணீரை ஊற்றி மூடிவிட்டால், இறங்கி முடிகிற வரை பாத்திரத்தைத் தொடக் கூடாது. அப்படிச் செய்ததும் இருபது நிமிஷத்தில் கெட்டியாக இறங்கிவிட்டது.

இறங்கிய டிகாஷனை அடுப்பில் வைத்துச் சூடு பண்ணினால் கசந்துவிடும். ஆறிப்போனால் கிண்ணத்தோடு வெந்நீரில் வைக்க வேண்டும். பால் ஒரு கொதிதான். காய்ச்சிய பாலையே திரும்பத் திரும்பக் காய்ச்சினால் காப்பியில் ஏட்டு வாடை வந்துவிடும். துளை அடைத்துக்கொண்டால் ஊசியால் குத்தக் கூடாது, துளை பெரிதாகித் தூளும் சேர்ந்து இறங்கும். காலிப் பாத்திரத்தை இடுக்கியில் பிடித்துத் தீயில் கொஞ்ச நேரம் காட்டினால் அடைத்த தூள் கருகி உதிர்ந்துவிடுகிறது. இதெல்லாம் அவள் நாற்பது வருஷமாகச் செய்து வந்த வேலை. அவளுக்குக் கை முறிந்த பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது என்பதை வருத்தத்தோடு எழுதுகிறேன்.

தண்ணீர் விஷயமும் உண்டு. ஒரு நாள் குழாயில் தண்ணீர் வராமல் போர் தண்ணீரில் போட்டேன். அதே தூள், அதே பால். சப்பென்று இருந்தது. மறுநாள் குழாயில் தாமிரபரணித் தண்ணீர் வந்ததும் பழைய ருசி வந்துவிட்டது. உப்புத் தண்ணீர் காப்பியை அமுக்கிவிடும் என்று ஓட்டல் சரக்கு மாஸ்டர் ஒருவர் முன்பு சொல்லக் கேட்டிருக்கிறேன். இப்போது கண்ணால் பார்த்துவிட்டேன்.

சரி, கணக்குக்கு வருகிறேன். சில்லறை எண்ணிப் பழகியவன் என்பதால் விடாமல் எழுதி வந்தேன். தூள் கிலோ 800 ரூபாய். பிரேசிலிலும் வியட்நாமிலும் வறட்சியில் விளைச்சல் குறைந்து, 2024, 2025 வருஷங்களில் உலகச் சந்தையில் காப்பிக்கொட்டை விலை எகிறியதன் பலன் இது. நாலு டம்ளருக்கு ஒரு நாளைக்கு 30 கிராம் தூள் போடுகிறேன். அதற்கு 24 ரூபாய். டம்ளருக்கு 100 மில்லி வீதம் 400 மில்லி பால். பால்காரரிடம் லிட்டர் 56 ரூபாய்க்கு வாங்குகிறேன், அதில் 22 ரூபாய் 40 காசு. சீனிக்கும் கேஸுக்கும் சேர்த்து நாலு ரூபாய். ஆக நாளைக்கு 50 ரூபாய் சொச்சம். கடையில் ஒரு காப்பி 20 ரூபாய் வீதம் 80 ரூபாய் கொடுத்தேன். மாதத்துக்கு 900 ரூபாய் வரை வித்தியாசம் வருகிறது. ஓய்வூதியக் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. ஆனால் கடைக்காரருக்கு வாடகை, ஆள் கூலி, வணிகச் சிலிண்டர் எல்லாம் இருக்கின்றன. அவர் 20 ரூபாய் கேட்பதை நான் அநியாயம் என்று சொல்ல மாட்டேன்.

தூள் வாங்குவதில்தான் எனக்குக் கோபம் வந்தது. சிக்கரி எவ்வளவு என்று கேட்காமலேயே பல கடைகளில் கலந்து அரைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிறது. காய வைத்து, வறுத்து, பொடியாக்கிச் சேர்க்கிறார்கள். டிகாஷன் கறுப்பாகவும் கெட்டியாகவும் தெரிவதற்கு அது காரணம். ஆனால் அதில் காப்பியின் சத்து கிடையாது. கொஞ்சம் சேர்த்தால் தப்பில்லை, எங்கள் வீட்டிலும் நூற்றுக்கு இருபது சேர்ப்பது வழக்கம். கலப்புத் தூளில் காப்பி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், எவ்வளவு காப்பி, எவ்வளவு சிக்கரி என்று பாக்கெட்டில் போட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. நான் ஒரு கடையில் வாங்கிய 200 கிராம் பொட்டலத்தில் எண்ணே இல்லை. கேட்டதற்கு, "எல்லாரும் இதைத்தான் வாங்குதாங்க அண்ணாச்சி" என்று பதில் வந்தது. வீட்டுக்கு வந்து ஒரு கண்ணாடி டம்ளர் பச்சைத் தண்ணீரில் ஒரு சிட்டிகை தூவிப் பார்த்தேன். காப்பித்தூள் மேலே மிதக்கும். சிக்கரி பழுப்பு நிறத்தில் கோடு கோடாக இழுத்துக்கொண்டு உடனே அடியில் இறங்கிவிடும். அன்றைக்கு என் டம்ளரில் பாதிக்கு மேல் இறங்கினது போல இருந்தது. இப்போது வேறு கடையில், கொட்டையை என் முன்னால் வறுத்து, நான் சொல்லும் அளவுக்குக் கலந்து அரைத்து வாங்குகிறேன். ஆறேழு நாளைக்குத் தேவையானது மட்டும்தான் வாங்குவது. நாள்பட்டால் மணம் போய்விடும். வீட்டில் போடும் காப்பியில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும். எனக்கு அந்த 900 ரூபாயைவிட இது பெரிது.

(எங்கள் ஆச்சி காலத்தில் இந்தப் பிரச்சினை எதுவும் இல்லை. உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டிப் போட்டுத் தண்ணீர் கொதித்ததும் தூளைப் போட்டு மூடி வைத்து, தெளிந்ததும் இறுத்துக் கொடுப்பார்கள். பால் கிடையாது. இப்போது நெடுஞ்சாலை ஓரம் எல்லாம் கருப்பட்டிக் காப்பி என்று போர்டு தொங்குகிறது. நல்ல விஷயம்தான். சீனிப்பாகு கலக்காத கருப்பட்டியாக இருக்க வேண்டும்.)

இனி அந்தக் கவர் விஷயம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருட்களில் பிளாஸ்டிக் கவர்கள் இருக்கின்றன. பிளாஸ்டிக் பூச்சு உள்ள பேப்பர் கப்பும் அதே பட்டியலில் இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. பேப்பர்தானே என்று நினைக்கிறோம். உள்ளே தண்ணீர் ஊறாமல் இருக்க மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கிறது. அப்படிப்பட்ட கப்பில் 100 மில்லி சூடான பானம் 15 நிமிஷம் இருந்தால் சுமார் 25,000 பிளாஸ்டிக் நுண்துகள் அதில் கலக்கின்றன என்று கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். கப்பிலேயே இப்படி என்றால், கொதிக்கும் காப்பியைச் சுமந்து, தெருவெல்லாம் நடந்து வருகிற கவரைப் பற்றி என்ன சொல்வது? இதை நாம் ஆஸ்பத்திரியில் கிடக்கும் நோயாளிக்கும் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் கொடுக்கிறோம்.

குடித்து முடித்த கவர் எங்கே போகிறது? எங்கள் ஊர் வழியாகக் கன்னடியன் கால்வாய் ஓடுகிறது. தினமும் காலையில் அதன் கரையில் நடக்கிறேன். மதகுப் பக்கம் நூல் கட்டோடு அப்படியே கவர்கள் ஒதுங்கிக் கிடக்கின்றன. அந்தத் தண்ணீர்தான் வயலுக்குப் பாய்கிறது.

2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசு ஒரு இயக்கம் தொடங்கியது. காய்கறி வாங்கப் பை கொண்டு போகிற பழக்கம் அதனால் சிலருக்காவது திரும்ப வந்திருக்கிறது. அதோடு தூக்குவாளியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறேன். உள்ளாட்சி அலுவலர்கள் சோதனைக்குப் போகும்போது துணிக்கடை, மளிகைக்கடையோடு நிறுத்தாமல் டீக்கடைப் பார்சலையும் பார்க்க வேண்டும். அபராதம் போடும் முன்னால் ஒரு தடவை எடுத்துச் சொன்னாலே பலர் கேட்பார்கள்.

வீட்டில் காப்பி போட முடியாத நாள் எல்லாருக்கும் வரும். தனியாக இருக்கும் முதியவர்கள், இரவு வேலை முடித்து வருகிறவர்கள், துக்க வீட்டுக்காரர்கள் எல்லாம் கடையில்தான் வாங்கியாக வேண்டும். அவர்களை வாங்காதே என்று நான் சொல்லவில்லை. ஆனால் கையும் காலும் நன்றாக இருக்கிற ஆண்கள், வீட்டுக்காரிக்கு முடியவில்லை என்றதும் கவரைத் தொங்கவிட்டுக்கொண்டு வர வேண்டியதில்லை. நானும் மூன்று வாரம் அதைச் செய்தேன். ஒரு டிகாஷன் இறக்க எடுக்கும் நேரம் கடைக்குப் போய்வரும் நேரத்தைவிடக் குறைவு.

மாவுக்கட்டு பிரித்த பிறகும் காலைக் காப்பியை நான்தான் போடுகிறேன். பரணில் இருந்த தூக்குவாளியைப் புளி போட்டுத் தேய்த்து, ஈயம் பூசக் கொடுத்து வாங்கி வைத்திருக்கிறேன். உறவினர்கள் கூட்டமாக வந்துவிட்டால் அதை எடுத்துக்கொண்டு தெருமுக்குக் கடைக்குப் போவேன். பாத்திரம் கொண்டு வருகிறவர்களுக்கு அந்தக் கடைக்காரர் காப்பிக்கு இரண்டு ரூபாய் குறைத்துக்கொள்கிறார். கவர் காசும் கப் காசும் மிச்சமாகிறது, எனக்கும் நஷ்டமில்லை என்கிறார். மற்ற கடைக்காரர்களும் இப்படி ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட வேண்டும் என்று உங்கள் நாளிதழ் மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நடத்துநர்,
வீரவநல்லூர், திருநெல்வேலி மாவட்டம்.