அந்தியேட்டி அன்று நீ சொன்னது

அன்புள்ள தங்கச்சிக்கு,

அப்பாவின் அந்தியேட்டி அன்று, அந்த முப்பத்தோராம் நாள் கிரியையின்போது, மண்டப வாசலில் நின்று, "எனக்கு ஆன்மிகம் போதும் அக்கா, சமயம் வேண்டாம்" என்று சொன்னாய். வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுகிற அவசரத்தில் பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டேன். மூன்று மாதமாக அது மனதுக்குள் கிடக்கிறது.

உன் கோபம் நியாயமானது. கிரியை செய்தவர் அப்பாவின் பெயரை இரண்டு முறை பிழையாகச் சொன்னார். நடுவில் போன் அடித்தது, எடுத்துக் கதைத்தார். அந்த மந்திரங்களுக்குள் அப்பா எங்கே இருந்தார் என்று கேட்டாய். எனக்கும் தெரியவில்லை.

உனக்குச் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். வீட்டுப் பங்குப் பிரச்சினையில் நாம் கதைக்காமல் இருந்த வருடமும் நான் கந்தசஷ்டி பிடித்தேன். ஆறு நாளும் பாலும் பழமும்தான். ஏழாம் நாள் காலை விரதம் முடித்துச் சாப்பிடும் பாறணைக்கு இருந்தபோது உன் அழைப்பு வந்தது. நான் எடுக்கவில்லை. விரதம் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சோற்றைப் போட்டார். சமயம் மட்டும் இருந்து மற்றது இல்லாமல் போனால் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்கே தெரியும்.

ஆனால் அம்மாவை எந்தப் பக்கம் சேர்ப்பாய்? நெற்றியில் திருநீறு இல்லாமல் வாசல்படி தாண்டாதவர், செவ்வாய்க்கிழமை என்றால் கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரியோடு நிற்பார். பக்கத்தில் ஒரு சிங்களப் பெண், அடுத்ததாக முக்காடு போட்ட ஒரு முஸ்லிம் தாய். அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் பொன்னம்பலவாணேசர் கோயில். 1907 முதல் 1912 வரை பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் திருப்பிக் கட்டுவித்த கோயில். வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே கல் குளிர்ந்துதான் இருக்கும். அம்மா ஒரு தூணில் சாய்ந்து அரைமணி நேரம் இருப்பார். எதுவும் கேட்கமாட்டார். வேண்டுதல்களை எல்லாம் அந்தோனியாரிடமே இறக்கி வைத்துவிட்டு வந்துவிடுவார் என்று நினைக்கிறேன்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தது. அடுத்து வந்த செவ்வாய் போக முடியாதபோது, அம்மா சுவாமி அறையில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஒரு மெழுகுதிரியை ஏற்றி வைத்து அழுதார். 'ஆன்மிகம்' என்ற சொல் அம்மாவின் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. அந்த மெழுகுதிரி சடங்குதானே? கிழமை, திரி, தீப்பெட்டி, எல்லாம் சடங்கு. அதை எடுத்துவிட்டால் அந்த அழுகைக்கு இருக்க இடம் எது?

சைவநெறிப் பாடத்தில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று மனப்பாடம் செய்தோமே, நினைவிருக்கிறதா? பூப் பறிப்பதும் கோயில் கூட்டுவதும் சரியை. பூசை கிரியை. நீ விடியற்காலையில் பால்கனியில் கண்ணை மூடி இருப்பது யோகம். நான்கும் அரும்பு, மலர், காய், கனி போல என்று தாயுமானவர் பாடினார். அரும்பைக் கிள்ளி எறிந்துவிட்டுக் காய்க்குக் காத்திருக்க முடியாது. அரும்போடு நின்றுவிட்ட மரத்தாலும் பயனில்லை. அந்தக் கந்தசஷ்டியில் நான் அப்படித்தான் நின்றேன். இதைச் சொல்லி உன்னைத் திரும்பக் கோயிலுக்கு இழுக்கவில்லை. நீ வெளியே போய்விட்டதாக நினைக்கும் இடத்துக்கு நம் ஆட்கள் எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

நீ அடிக்கடி சொல்லும் "சும்மா இரு" நம் யாழ்ப்பாணத்துச் சித்தர் யோகர் சுவாமி சொன்னது. அவரே யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் வீடு வீடாகப் போய் ஆட்களைப் பார்த்தவர். அவருடைய சும்மா இருத்தலுக்குள் அவ்வளவு நடையும் இருந்திருக்கிறது.

சரி, வருடம் முடிய வரும் ஆட்டைத்திவசத்துக்குக் கிரியை செய்ய வேறு ஒருவரைப் பார்க்கிறேன். அப்பாவின் பெயரைச் சரியாகச் சொல்கிறவராக. நீ வந்து தேவாரம் பாடாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு ஓரமாகக் கண்ணை மூடி இரு.

அதற்கு முன்னால் ஒரு உதவி. வருகிற செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு கிடைக்காது. அம்மாவுக்கு முழங்கால் நோவு, தனியாகப் பஸ் ஏற விட முடியாது. நீ கொச்சிக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போவாயா? மெழுகுதிரி அவரிடமே இருக்கும்.

அன்புடன்,
அக்கா