பெயருக்கு ஒரு கட்டம்

சிங்கப்பூரில் ஆவணக் காப்பகப் பொறுப்பில் உள்ளவர்களுக்கு,

வணக்கம். அண்மைக் கண்காட்சியில் பிழையான மொழிபெயர்ப்போடு தொங்கிய தமிழ்ப் பலகையை ஒட்டித்தான் இந்த மடல். எந்தப் பலகை என்று உங்களுக்கே தெரியும். கழற்றியாயிற்று, வருத்தமும் தெரிவித்தாயிற்று. ஆகவே அதை விட்டுவிடுகிறோம். அப்படி ஒரு பலகை எப்படிப் பிறக்கிறது என்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

வாய்மொழி வரலாற்றுப் பதிவுக்காக முதியவர் ஒருவர் தமிழில் பேசுகிறார். ஒலிப்பதிவைக் கேட்டு ஒருவர் தமிழிலேயே எழுதுகிறார். ஒரு மணி நேரப் பேச்சை எழுத, பழகிய கைக்கே ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். பின்னால் மின்விசிறி இரைந்தால் இன்னும் கூடும். பிறகு ஆங்கிலத்தில் ஒரு சுருக்கம் தயாராகும். காப்பகத்தின் தேடல் பட்டியலில் ஏறுவது அந்தச் சுருக்கம் மட்டுமே. பல ஆண்டு கழித்துக் கண்காட்சிக்குத் தமிழ் வாசகம் தேவைப்பட்டால் அந்த ஆங்கிலத்தை எடுத்துத் தமிழாக்குகிறார்கள். அவர் பேசிய தமிழோ அதே கட்டடத்தில் ஒரு கோப்பில் தூங்கிக்கொண்டிருக்கும்.

அவர் சொன்னது "லயம்", தொழிலாளர்களின் வரிசை வீடு. சுருக்கத்தில் அது "கூலி லைன்ஸ்". திரும்பி வந்தபோது "கூலி வரிசை". மலாய்க் "கம்போங்" தமிழ் வாயில் கம்பம்; "கம்பத்துல இருந்தோம்" என்றவர் கடைசியில் "கிராமத்தில் வசித்தார்". சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலுக்குச் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்று பெயர் உண்டு. அதையும் ஆங்கிலத்தில், சுண்ணாம்புக்கும் எலுமிச்சைக்கும் பொதுவான "லைம்" என்று மட்டும் எழுதி வையுங்கள்; அங்கே எலுமிச்சை விளைந்தது என்று ஒருநாள் ஒரு பலகை சொல்லும். சுண்ணாம்பில் வெந்த கைகள் அத்தோடு போயின.

சொற்களையாவது ஊகித்து மீட்கலாம். பெயர்களை முடியாது. கே, ஏ, எல், ஐ என்ற நான்கு எழுத்தைப் பார்த்து, காளியா, காலியா, களியா என்று யார் சொல்வது? ரோமன் எழுத்தில் ல, ள, ழ மூன்றும் பெரும்பாலும் ஒன்றாகிவிடும். குறில் நெடில் கரைந்துவிடும். ஒரே வைத்திலிங்கம் ஓர் ஆவணத்தில் வி, ஒய் என்று தொடங்குவார், இன்னொன்றில் வி, ஏ, ஐ என்று. தந்தை பெயரை ஒரு குமாஸ்தா குடும்பப் பெயராக எழுதியிருந்தால் ஒரே ஆள் இரண்டு ஆளாவார். இத்தனையும் தாண்டிப் பேத்தி ஒருத்தி தாத்தாவின் பெயரைத் தமிழில் தட்டினால், "முடிவுகள் இல்லை". அவர் குரல் உங்களிடம் பத்திரமாக இருக்கிறது. அவர் பெயரால் மட்டும் அவரை அடைய முடியாது.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: பட்டியலில் தமிழ் எழுத்துக்கு ஒரு கட்டம்.

இது புதுமை அல்ல. நூலகப் பட்டியலுக்கான மார்க் 21 முறையில் 880ஆம் புலம் மாற்று எழுத்து வடிவத்துக்கென்றே இருக்கிறது. ஆவணக் காப்பகங்களுக்கான இசார் நெறியும் இணைப் பெயர் வடிவங்களுக்கு இடம் வைத்திருக்கிறது. கவனிக்க வேண்டிய சிக்கல்களும் சிலவே. "கொ" சில கோப்புகளில் ஒரே குறியாகவும் சிலவற்றில் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாகவும் பதிவாகியிருக்கும். கண்ணுக்கு ஒன்று, தேடலுக்கு வேறு. கணினி எழுத்துத் தரமான யுனிகோடில், இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்.எஃப்.சி. வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது. "கௌ" எழுதும்போது ஔகாரக் குறிக்குப் பதிலாக ளகரத்தைத் தட்டியிருந்தால் அது தானாகத் திருந்தாது, ஆள் பார்த்தாக வேண்டும். யுனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் கிடக்கும் கோப்புகளை மாற்றியபின் ஒலியோடு ஒருமுறை ஒப்பிட வேண்டும். 1997இல் தமிழ்க் கணிமைக்கான தமிழ்நெட் மாநாட்டை நடத்திய ஊருக்கு இதெல்லாம் பெரிய வித்தையா?

சிங்கப்பூர் ஆற்று முகத்தில் நின்ற பழங்கல்வெட்டை 1843இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய துண்டை அருங்காட்சியகத்தில் வைத்து, படிக்க முடியவில்லையே என்று இன்றுவரை வருந்துகிறோம். இப்போது வெடிமருந்துச் செலவுகூட இல்லை. படிக்கத் தெரிந்த எழுத்தைப் பட்டியலில் ஏற்றாமல் விட்டாலே போதும். 2019இல் முன்னோடித் தமிழ் வணிகர் நாராயண பிள்ளைக்கு ஆற்றோரம், பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்சின் சிலைக்குப் பக்கத்தில் சில காலம் சிலை நின்றது. மகிழ்ச்சி. சிலைக்கு இடம் கிடைக்கும் ஊரில் கட்டத்துக்குத்தான் பஞ்சம். அரசியலமைப்பில் நான்கு அதிகாரத்துவ மொழிகள், தேடல் பெட்டியில் எத்தனை என்றும் கேட்கத் தோன்றுகிறது.

சற்றுச் சூடாகிவிட்டது, பொறுத்தருள்க. பழையதையெல்லாம் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. இனி ஏறும் பதிவுகளில் பேசியவர் பெயர், ஊர்ப்பெயர், தொழிற்சொல் மூன்றையும் தமிழ் எழுத்தாக்கத்திலிருந்தே எடுத்து அந்தக் கட்டத்தில் இடுங்கள். பழைய பதிவுகளில், எழுத்தாக்கியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கும் கோப்புகளை முதலில் எடுங்கள். கேட்க வேண்டிய ஐயங்களை அவர்களிடம்தான் கேட்க முடியும். கண்காட்சிக்குத் தமிழ் வேண்டுமானால் அவர்கள் பேசிய தமிழ் இருக்கும் கோப்பைத் திறக்கச் சொல்லுங்கள்.

ஒரு கட்டம். அவ்வளவே.

தங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம். தமிழிலேயே எழுதலாம்.

இப்படிக்கு,
தமிழ் ஒலிப்பதிவுகளை எழுத்தாக்குவோர் சிலர்
சிங்கப்பூர்